நீ கிழித்த ஐந்தாம் வகுப்புப் புத்தகம்

மகனுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே சரிகிறது. ‘ழ’ வரும் இடத்தில் பேனா நின்றுவிடுகிறது, மை ஊறிவிடுகிறது. இந்த ஒரு பக்கத்துக்கே ஒரு காலைப் பொழுது போய்விட்டது. பொறுத்துக்கொள் என்று கேட்பது எழுத்துக்கு மட்டும்தான். எழுதப்போகும் விஷயத்துக்கு உன்னிடம் எந்த மன்னிப்பும் கேட்கப் போவதில்லை. கடிதத்தை ‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை எழுதவும் தெரியும். இந்த வாரம் கை வரவில்லை.

ஆனாலும் ஒரு சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இதுவரை என் பேரில் உனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் தபால் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொடுப்பவர் எழுதியவை. பெற்ற பெண்ணை வந்து பார்க்காத நாய்க்கு மூன்று மாதமாக என்ன வேலை என்று நான் கேட்கச் சொல்லுவேன். அவர், ‘இங்கு யாவரும் நலம், தங்கள் வரவை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்’ என்று எழுதுவார். நான் அதற்கு அடியில் கட்டைவிரலை வைப்பேன். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த பிறகு ஒருநாள் அவர் எழுதியதை வாங்கிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, இத்தனை நாளாக உன்னை ஒருமுறைகூட நான் திட்டியதே இல்லை என்று. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றால், “கோவத்தை எல்லாம் ஸ்டாம்பு ஒட்டி அனுப்பக் கூடாதுங்க பெரியவரே” என்றார். இந்த முறை அவர் இல்லை. நான் நினைப்பது எதுவோ அதுவே உன் கைக்கு வருகிறது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று உனக்குச் சொல்லி மாளாது.

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் நீ வேலை செய்யும் ஜவுளிக்கடையில், உன் மகள் வள்ளியின் கையிலிருந்த பர்மியப் பாடப் புத்தகத்தைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தாய். அவள் கன்னத்தில் அறைந்தாய். வியாழக்கிழமை ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாய். தமிழ்நாட்டுக்கு வந்துவிட்ட பிள்ளைக்குத் தமிழ் போதும், பர்மா வகுப்புக்கு இனி அவள் போகக் கூடாது, அடுத்த மாதம் உன் கல்யாணம் முடிந்ததும் சிதம்பரத்தில் ஒரு விடுதியில் சேர்த்துவிடப் போகிறாய் என்று. அதற்கு என் பதில், முடியாது. ஒரே வார்த்தையில் எழுதி அனுப்பியிருப்பேன். உனக்கு அது போதாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ரங்கூனை விட்டுக் கப்பலேறி வந்து, கடலூர் முதுநகரில் அகதிகளுக்குக் கொடுத்த இந்த வீட்டில் குடியேறியபோது வள்ளிக்கு ஒன்பது வயது. ரங்கூனில் பர்மியப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். தமிழ் பேசுவாள், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. நீ வேலை தேடிச் சிதம்பரத்துக்குப் போய்விட்டாய். பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனது நான். ஹெட்மாஸ்டர் அவளுடைய சர்டிபிகேட்டை இப்படியும் அப்படியும் திருப்பினார். எல்லாம் வட்டம் வட்டமாக இருக்கிறது, எந்தப் பக்கம் மேல் என்றே தெரியவில்லை என்றார். ஒன்றாம் வகுப்பில் போட்டுவிட்டார். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் இவள் ஒருத்தி நெட்டையாக. பர்மா கொக்கு என்று பேர் வைத்தார்கள். மறுநாள் அவள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் கெஞ்சினேன், மிரட்டினேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு பர்மியப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் அப்படியே போயிற்று.

நான்காம் நாள் நான் ஹெட்மாஸ்டரிடம் போய், அவள் பக்கத்தில் நானும் உட்கார அனுமதி வேண்டும் என்று கேட்டேன்.

“உங்களுக்கு இன்னா வயசு பெரியவரே?” என்றார்.

“அறுவத்தேழு.”

“ஒண்ணாங் கிளாஸுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதே.”

“அவளுக்கும் ஜாஸ்திதான் சார். ஜாஸ்தியா இருக்குறவங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துக்கறோம்.”

அவர் சிரித்துவிட்டார். நான் படிக்கப் போகவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தால் அவளைப் பார்த்துச் சிரிக்க நேரம் இருக்காது என்பதுதான் என் கணக்கு. அது சரியாகவே நடந்தது. கொக்கு என்ற பேர் எனக்கு வந்துவிட்டது, கிழட்டுக் கொக்கு. எட்டு மாதம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். காதில் விழுந்தது மண்டையில் ஏறாமல் போகுமா? ரங்கூன் அரிசி ஆலையில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கிய கை, ‘அ’ போட்ட அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இப்போது பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப்பேர், சினிமா நோட்டீஸ், டாக்டர் மருந்துச் சீட்டில் கிறுக்குவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படிக்கிறேன். படிக்காமல் இருக்க முடியவில்லை.

என் கதை இருக்கட்டும். வள்ளிக்குத் தமிழ் எழுத்து வந்தும் கணக்கில் முட்டைதான் வாங்கினாள். ரங்கூனில் பின்னம் போட்ட பெண். கேள்வியைத் தமிழில் வரிவரியாக எழுதியிருந்தால் அவளுக்குப் புரியவில்லை. அப்போதுதான் இரண்டு வீடு தள்ளி இருக்கும் ரஞ்சிதம் டீச்சர் வந்தாள். அவள் யார் என்று உனக்குத் தெரியும், தெரியாதவன் போல ‘அந்த இடியாப்பக்காரி’ என்று சொல்லியனுப்பியிருக்கிறாய். அவள் ரங்கூனில் பர்மியப் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவள். இங்கே அந்தப் படிப்புக்கு மதிப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இடியாப்பம் அவித்து பஸ் ஸ்டாண்டில் விற்கிறாள். விற்கப் போவதற்கு முன்னால், காலை ஆறு மணிக்கு, வலை உலர்த்தும் கொட்டகையில் நம் குடியிருப்புப் பிள்ளைகள் பதினோரு பேரை உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறாள். முதலில் பர்மிய மொழியில். பிறகு அதே பாடத்தைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். எதற்கு இந்த இரட்டை வேலை, நேராகத் தமிழையே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று நானும் கேட்டேன்.

“குடியிருக்குற வீட்ட இடிச்சுப் போட்டுட்டா புது வீடு கட்டுவாங்க மாமா? அதுல இருந்துகிட்டேதான் பக்கத்துல கட்டணும்” என்றாள்.

புத்தகம் கிடையாது. கப்பலேறும்போது சோதனை போட்டவர்கள் பெட்டியிலிருந்து முதலில் எடுத்து வீசியது புத்தகங்களைத்தான். அதனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பர்மியப் பாடங்களை அவள் ஞாபகத்திலிருந்தே எழுதினாள். பழுப்புக் காகிதத்தை மடித்து, வலை பின்னும் நூலால் தைத்து, படங்களைப் பிள்ளைகளையே வரையச் சொன்னாள். ஒரு வகுப்புக்கு ஒரு புத்தகம், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக் கொண்டுபோவார்கள். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை எழுதி முடிக்க அவளுக்கு நாலு மாதம் ஆனது. நீ கிழித்தது அதை. அது உன் மகளுடையது என்று நினைத்துக் கிழித்தாய். பதினோரு பிள்ளைகளுடையது.

டீச்சர் ஒருநாள் வள்ளியைக் கூட்டிக்கொண்டு ஹெட்மாஸ்டரிடம் போனாள். கேள்வியைத் தான் பர்மிய மொழியில் சொல்வதாகவும், அவள் பலகையில் போட்டுக் காட்டட்டும் என்றும் கேட்டாள். ஐந்து கணக்கு கொடுத்தார். ஐந்தையும் போட்டாள். ஹெட்மாஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “இந்தப் புள்ளயப் போயி ஒண்ணாங் கிளாஸ்ல உக்கார வச்சிட்டனே” என்றார். அவளை நான்காம் வகுப்புக்கு மாற்றினார். மாதத்துக்கு ஒரு டப்பா சாக்பீஸ் கொட்டகைக்குக் கொடுத்தனுப்புகிறார். இப்போது வள்ளி ஆறாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தில் வகுப்பில் இரண்டாவது. பர்மிய மொழி இருந்தால் தமிழ் வராது என்கிறாயே, எந்தக் கண்ணை வைத்துக்கொண்டு சொல்கிறாய்? மூன்று வருஷத்தில் அவளுடைய நோட்டு ஒன்றையாவது வாங்கிப் பார்த்திருக்கிறாயா?

இந்த இடத்தில் என் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். ரங்கூனில் நீ ஏழு வயதுப் பையனாக இருந்தபோது தெருப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வந்து சோறு வேண்டும் என்பதைப் பர்மிய மொழியில் கேட்டாய். நான் வேட்டியில் செருகியிருந்த கயிற்றை எடுத்து விளாசினேன். வீட்டுக்குள் அந்தப் பேச்சு வரக்கூடாது என்றேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மட்டும் சேர்த்தேன். பேச்சை நீ தெருவில் கற்றுக்கொண்டாய், எழுத்து உனக்கு வரவே இல்லை. அந்த ஊரில் பிறந்து, அந்த ஊர்ப் பெண்ணையே கட்டி, அந்த ஊர் எழுத்தைப் படிக்கத் தெரியாமல் கிளம்பி வந்தவன் நீ. அடித்தால் ஒரு பாஷை போய்விடும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை உன் கை ஓங்கியபோது என் கையைத்தான் பார்த்தேன். அதற்காக உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. என்னிடம் அடி வாங்கினாய் என்பது அவளை அடிப்பதற்கு லைசென்ஸ் இல்லை.

இரண்டாவது குற்றம் பெரியது. நாம் கிளம்பும்போது உன் பெண்டாட்டி மா தின்னுடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டு மா தின் இருக்கட்டும், பின்னால் வேறு கப்பலில் வரட்டும் என்று பேசி முடித்தோம். கப்பலில் போவதற்கான விண்ணப்பத்தை எழுதிக்கொடுக்க நான்தான் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா, பர்மாக்காரப் பெண்ணைக் குடும்பத்தில் காட்டினால் ஆறு மாதம் இழுக்கும், காட்டாமல் விட்டால் அடுத்த கப்பலிலேயே போகலாம் என்றான். சரி, விட்டுவிடு என்றேன். அவன் ஏதோ எழுதினான். நான் விரலை உருட்டினேன். என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் சொன்னதைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

சென்னையில் இறங்கியபோது முகாமில் நமக்குக் கார்டு கொடுத்தார்கள். அதை வாங்கிப் படித்தவன் நீ. எல்லாம் சரியா இருக்குதாப்பா என்று கேட்டேன். “எல்லாம் சரியா இருக்குது” என்றாய். அதில் உன் பேருக்கு நேரே, மனைவி காலமானார் என்று தமிழில் எழுதியிருக்கிறது. மூன்று வருஷம் அந்தக் கார்டு இந்த வீட்டுப் பெட்டியில்தான் கிடந்தது. போன வாரம்தான் அதை நானே எடுத்துப் படித்தேன்.

ஏன் எடுத்தேன் தெரியுமா? பின்னால் வந்த கப்பலில் ஒரு குடும்பம் வந்து இறங்கி, போன மாதக் கடைசியில் நம்மைத் தேடிக்கொண்டு வந்தது. மா தின் கொடுத்தனுப்பிய கடிதம் ஒன்று அவர்களிடம் இருந்தது. பர்மிய எழுத்து. வள்ளி என் எதிரில் உட்கார்ந்து ஒரு வரி படிப்பதும், எனக்குத் தமிழில் சொல்வதுமாக வந்தாள். பாட்டி போன வருஷம் இறந்துபோனாள். அதன் பிறகு மா தின் நம்மிடம் வர அனுமதி கேட்டு ஆபீசுக்குப் போயிருக்கிறாள். அந்தக் குடும்பத்தில் மனைவி இறந்துவிட்டதாகக் காகிதம் இருக்கிறதே, நீ யார் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதைப் படித்ததும் வள்ளி நிறுத்தினாள்.

“தாத்தா, அமே செத்துட்டாங்கன்னு நாம எழுதிக் குடுத்துட்டோமாம்.”

அம்மாவை அவள் இன்னமும் அமே என்றுதான் சொல்கிறாள். அவளே கடிதத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, “உயிரோட இருக்குறவங்கதான இத எழுதியிருக்காங்க?” என்றாள். ஆமாம் என்றேன். சரி என்று மீதியைப் படித்தாள். சிதம்பரம் கடை விலாசத்துக்கு இதற்கு முன் நான்கு கடிதம் போட்டதாகவும் ஒன்றுக்கும் பதில் இல்லை என்றும் எழுதியிருந்தாள். கடைசியில் பெண்ணுக்கு இரண்டு வரி. நம் எழுத்தை நீ மறந்திருந்தால் இதை அங்கே யாரும் படிக்கப்போவதில்லை, மறக்காமல் இருந்தால் உன் கையால் ஒரு வரி எழுதிப் போடு, அது வந்தால் நான் மறுபடியும் அந்த ஆபீசில் போய் நிற்பேன் என்று.

மா தின்னுக்குப் பதில் எழுத இந்த வீட்டில் வள்ளியை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? உனக்கு அந்த எழுத்து தெரியாது. நான் தமிழே இப்போதுதான் படிக்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் அவள் தாய்க்கும் நடுவில் இருக்கிற ஒரே பாதை ஒரு இடியாப்பக்காரி காலையில் நடத்துகிற வகுப்பு. அதை மூடு என்கிறாய்.

அந்த நான்கு கடிதம் பற்றிக் கேட்கத்தான் ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் வந்தோம். ரயிலில் நானும் அவளும் போட்டி போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பலகைகளைப் படித்தோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், கிள்ளை. கிள்ளையில் நான் முந்தினேன். அந்த வாரம் ஐந்தாம் வகுப்புப் புத்தகம் நம் வீட்டு முறை. அதைப் படித்து முடித்துவிட்டதை உன்னிடம் காட்ட வேண்டும் என்று பையில் போட்டுக்கொண்டு வந்தாள். கடையில் உன் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவர் மகளைத்தான் நீ கட்டப்போகிறாய் என்று வழியிலேயே வள்ளிக்குச் சொல்லியிருந்தேன். அவள் உன்னிடம் வந்து, மெதுவாக, பர்மிய மொழியில், அமேயின் கடிதம் இங்கே வந்ததா என்று கேட்டாள். ஏன் தமிழில் கேட்கவில்லை என்று நீ யோசித்தாயா? அங்கே இருந்தவர்களுக்குப் புரியக் கூடாது என்பதற்காக. பன்னிரண்டு வயதுப் பிள்ளை உன் மானத்தைக் காப்பாற்றினாள். அவள் கன்னத்தில்தான் நீ அறைந்தாய்.

முதலாளி, “இன்னாப்பா கேக்குது பாப்பா?” என்றார். “முகாம்ல கண்டதையும் கத்துக்கிட்டு வந்துட்டுதுங்க. தாயில்லாத பொண்ணு, செல்லம் ஜாஸ்தி” என்றாய். அப்புறம் புத்தகத்தைப் பிடுங்கினாய்.

நான் பக்கத்தில் நின்றேன். பேசவில்லை. அது என் மூன்றாவது குற்றம். அந்தக் கடையில் என் மகனுக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறதே, கெடுத்துவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன். ரயில் ஏறுகிற வரைக்கும் வள்ளி என்னைப் பார்க்கவே இல்லை.

நன்றாகக் கேட்டுக்கொள். தமிழ் மேல் உனக்கு இருக்கிற அக்கறையால் நீ இந்த வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. இந்த வீட்டில் அந்தக் கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இருக்கக் கூடாது, அதற்குத்தான். ஒரு பிள்ளையை ஊமையாக்கி அதன் மேல் பந்தல் போட்டுக் கல்யாணம் செய்துகொள்ளப் பார்க்கிறாய். மா தின்னோடு வாழ இஷ்டமில்லை என்றால் அவளிடம் சொல், அது ஆண்பிள்ளைத்தனம். செத்துப்போனாள் என்று சொல்வது எதில் சேர்த்தி? என் கைநாட்டை எடுத்து அவள் தலையில் மண்ணைப் போடுகிறாய். தெரியாமல் நான் செய்ததைப் படித்துத் தெரிந்துகொண்டு நீ செய்கிறாய்.

இந்த வாரம் இங்கே நடந்ததையும் தெரிந்துகொள். திங்கட்கிழமை டீச்சரிடம் போய்ப் புத்தகத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகள் பதினோரு பேரும் நின்றார்கள். அவள், “கிழிஞ்சது பேப்பரு தான மாமா” என்று சொல்லிவிட்டு அன்றைக்கே மறுபடி முதல் பாடத்தை எழுத ஆரம்பித்துவிட்டாள். இந்த முறை அவள் சொல்லச் சொல்ல மூன்று பேர் எழுதுகிறார்கள், மூன்று பிரதி. அதில் ஒருத்தி வள்ளி. செவ்வாய்க்கிழமை வள்ளி ரங்கூனுக்குக் கடிதம் எழுதினாள். ஒரு வரி கேட்ட தாய்க்கு ஆறு பக்கம். தபாலில் போட்டாயிற்று. புதன்கிழமை ஹெட்மாஸ்டரை வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனு எழுதினேன். என் மருமகள் உயிரோடு இருக்கிறாள், அவள் இறந்ததாகச் சொல்லும் காகிதத்தில் என்னவென்று தெரியாமல் கைநாட்டு வைத்தவன் நான், அதைத் திருத்த வேண்டும் என்று. அடியில் என் பேரை முழுசாகக் கையெழுத்துப் போட்டேன். ஹெட்மாஸ்டர், நேரமாகிறதே, விரலையே வைத்துவிடுங்களேன் என்றார். மாட்டேன் என்றேன்.

விடுதிக்கு அவள் வரமாட்டாள். வகுப்புக்குப் போவாள். நீ வந்து இழுத்தாலும் கொட்டகை வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். ஆறாம் வகுப்பைத் தமிழில் முடிப்பாள், ஆறாம் வகுப்பைப் பர்மிய மொழியிலும் முடிப்பாள். அந்தப் புத்தகத்தை எழுதப் பழுப்புக் காகிதம் சேர்க்கத் தொடங்கிவிட்டோம்.

உன் முதலாளியின் மகளை அன்றைக்குப் பார்த்தேன். நீ அறைந்து முடித்த பிறகு உள்ளேயிருந்து வந்து, ஒரு டம்ளர் மோரை வள்ளி கையில் கொடுத்து, உன் பேர் என்ன என்று கேட்டாள். வேறு ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணும் உன்னால் ஏமாற வேண்டாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் மறுபடியும் எழுதுவேன். அதற்குள் நீ உன் முதலாளியிடம் மா தின் உயிரோடு இருப்பதைச் சொல்லி, அந்த நான்கு கடிதங்களையும் கொண்டுவந்து வள்ளி கையில் கொடுத்துவிட்டால், அடுத்த கடிதம் உனக்கு வரும். இல்லையென்றால் அது உன் முதலாளிக்குப் போகும். விலாசத்தைக் கடைப் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

உன் அப்பா